தேரிக்காட்டின் மேல் பால்வீதி: எப்போது, எந்தத் திசையில், எப்படி எடுப்பது?

கேள்வி இது: "அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு மேலே பால்வீதி எழுந்து நிற்கும் படங்களை நிறையப் பார்க்கிறேன். நம் தேரிக்காட்டில் அதுபோல் எடுக்க முடியுமா? சென்னையில் வேலை பார்க்கிறேன். ஜூன் மாதம் விடுமுறையில் சாத்தான்குளத்துக்கு வருகிறேன். கிராப் சென்சார் கேமரா, 14 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ், முக்காலி இருக்கின்றன. ஸ்டார் டிராக்கர் ஒன்று வாங்கலாமா?"

எடுக்க முடியும், தம்பி. ஆனால் ஜூனில் வராதீர்கள், பங்குனியில் வாருங்கள். நட்சத்திரங்களின் நகர்வுக்கேற்பக் கேமராவை மெல்லத் திருப்பும் அந்த டிராக்கருக்கும் இப்போது பணம் போடாதீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். தூத்துக்குடி, திருநெல்வேலிக் கடலோரத்துச் செம்மணல் மேடுகளாகிய நம் தேரி பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய எட்டரை டிகிரி வடக்கே இருக்கிறது. கிராண்ட் கேன்யன் 36 டிகிரி வடக்கே இருக்கிறது. நீங்கள் பார்க்கும் படங்களும் வீடியோக்களும் அந்த 36 டிகிரிக்காரர்கள் தங்கள் வானத்துக்காகச் சொன்னவை. அவற்றில் லென்ஸ், ஐஎஸ்ஓ பற்றிய பாடம் எல்லா ஊருக்கும் பொருந்தும். எந்த மாதம், எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்ற பாடம் நமக்குப் பொருந்தாது.

பால்வீதியின் பிரகாசமான மையப்பகுதி தனுசு ராசியில், மூலம், பூராடம் நட்சத்திரங்களை ஒட்டி இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடுவதாகக் கொள்ளும் வான நடுக்கோட்டுக்கு அது 29 டிகிரி தெற்கே உள்ளது. கிராண்ட் கேன்யனில் அது உச்சிக்கு வரும்போதும் தெற்கு அடிவானத்திலிருந்து 25 டிகிரிக்கு மேல் ஏறாது. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் ஒரு முஷ்டி பத்து டிகிரி. இரண்டரை முஷ்டி உயரம்தான். அதனால் பள்ளத்தாக்கின் விளிம்புப் பாறையும் பால்வீதியின் மையமும் ஒரே படச்சட்டத்துக்குள் நெருக்கமாக அமைந்துவிடுகின்றன. அங்கே ஜூன், ஜூலை நள்ளிரவில் போய் நின்றாலே பாதிப் படம் கிடைத்த மாதிரி. நமக்கு அதே மையம் 52 டிகிரிக்கு ஏறிவிடும். ஜூன் நள்ளிரவில் தேரியில் நின்றால் கழுத்தை நிமிர்த்தித்தான் பார்க்க வேண்டும். கேமராவை அவ்வளவு உயர்த்தினால் மணல்மேடு சட்டத்தைவிட்டு வெளியே போய்விடும். மணல்மேட்டைச் சேர்த்துப் பிடிக்க நினைத்தால் மையம் மேல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இன்னொரு சங்கடம் காற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்று எவ்வளவு பலமானது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதை நம்பித்தான் முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. சமவெளியின் செம்மண் துகளை அள்ளிவந்து தேரியாகக் குவித்ததும் அந்தக் காற்றுதான் என்று நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. அந்த மாதங்களில் லென்ஸைக் கழற்றினால் சென்சாரில் மணல் படியும். முக்காலியும் நிற்காது. மலையைத் தாண்டி வரும் மேகக்கூட்டம் இரவு முழுவதும் தலைக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கும். நமக்கு மழை தராத மேகம்தான் என்றாலும் நட்சத்திரத்தை மறைக்க அது போதும்.

இனி பங்குனிக்கு வருவோம். நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான்.

ஏப்ரல் தொடக்கத்தில் நள்ளிரவுக்குச் சற்று முன்பாகப் பால்வீதியின் மையம் தென்கிழக்கில் உதிக்கும். அந்த நேரத்தில் பால்வீதி முழுவதும் தெற்கு அடிவானத்தை ஒட்டித் தாழ்வாகப் படுத்திருக்கும். மேற்கே தொடங்கி, தெற்கில் இரண்டு முஷ்டி உயரத்துக்கு எழும்பி, தென்கிழக்கில் விருச்சிகத்தின் கொடுக்கில் வந்து இறங்கும். அந்த வளைவின் நடுவில், நேர் தெற்கே, திரிசங்கு என்று நம்மவர்கள் சொல்லும் தென்சிலுவை 20 டிகிரி உயரத்தில் நிற்கும். அதற்குச் சற்றுக் கிழக்கே ஆல்பா சென்டாரி என்ற பிரகாசமான நட்சத்திரம். மேற்கே காரினா நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகம் இளஞ்சிவப்புப் புள்ளியாகப் படத்தில் விழும். திரிசங்கை ஒட்டி நட்சத்திரமே இல்லாத கரிய திட்டு ஒன்று தெரியும். அது வெற்றிடமல்ல, பின்னால் இருக்கும் ஒளியை மறைக்கும் தூசி மேகம்.

இந்தக் காட்சி கிராண்ட் கேன்யனில் கிடைக்காது. திரிசங்கு அங்கே அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. அகத்தியர் நட்சத்திரமாகிய கனோபஸ் அங்கே அடிவானத்தை ஒட்டி ஒரு டிகிரி அளவுக்குத் தலைகாட்டி மறைந்துவிடும். பொதிகை அடிவாரத்துக்காரர்களாகிய நமக்கு அது தெற்கே 28 டிகிரி உயரத்தில் சுடர்விடுகிறது. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வானத்துக்கு ஏற்ற படத்தை எடுத்தார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் தெற்கு வானத்தை விட்டுவிட்டு அவர்கள் படத்தின் நகலுக்காக அலைவதில் எனக்கு உடன்பாடில்லை.

மாதக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரங்கள் நாளுக்கு நான்கு நிமிடம், மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக உதிக்கின்றன. பிப்ரவரி தொடக்கத்தில் மையம் உதிப்பது அதிகாலை மூன்றரை மணியைத் தாண்டி. மார்ச் தொடக்கத்தில் இரண்டு மணிக்குச் சற்று முன். ஏப்ரல் தொடக்கத்தில் பதினொன்றே முக்கால் வாக்கில். ஏப்ரல் கடைசியில் பத்து மணிக்கு. உதித்து ஒரு மணி நேரத்துக்குள் எடுப்பதுதான் நல்லது. அதற்குப் பிறகு தென்கிழக்கு முனை உயர்ந்து வளைவு சாய்ந்துவிடும். காற்றின் தெளிவு என்று பார்த்தால் பிப்ரவரி, மார்ச்தான் மேல். ஏப்ரல் போகப்போக வெயிலின் புழுக்கத்தில் அடிவானம் மங்கலாகிறது. நம் காட்சியோ அடிவானத்தை ஒட்டியது. தூக்கம் கெடுவதைப் பொருட்படுத்தாவிட்டால் மார்ச் மாத அமாவாசையைத் தேர்ந்தெடுங்கள்.

கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெல்லியது, வறண்டது. 2019 முதல் சர்வதேச இருள்வானப் பூங்கா என்ற அங்கீகாரமும் அதற்கு உண்டு. பூங்காவின் விளக்குகளையே மாற்றி அமைத்துத்தான் அதைப் பெற்றார்கள். நாம் கடலோரத்தில், ஈரக்காற்றுக்குள் நிற்கிறோம். அந்த அளவு இருளும் தெளிவும் நமக்குக் கிடைக்காது. கிடைப்பதை வீணாக்காமல் இருக்க, எந்தத் தேரியில் நிற்கிறோம் என்பது முக்கியம்.

எல்லாரும் போவது காயாமொழி, தேரிக்குடியிருப்பு பக்கத்துக் குதிரைமொழித் தேரிக்கு. மணலின் அழகுக்கு அதுவே முதலிடம். ஆனால் தெற்கு வானத்துக்கு அது ஏற்றதல்ல. கிழக்கே திருச்செந்தூர், வடக்கே ஆறுமுகநேரி, தூத்துக்குடி, கடற்கரையில் உடன்குடி அனல்மின் நிலையம், அப்பால் குலசேகரன்பட்டினம். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளமும் குலசேகரன்பட்டினத்தில்தான் வருகிறது. அங்கே வெளிச்சம் இனிமேல் கூடத்தான் செய்யும். நான் சொல்வது திசையன்விளைக்குத் தெற்கே, இடையன்குடி, குட்டம் பக்கத்துத் தேரி. குதிரைமொழியளவுக்குப் பரந்ததல்ல, முந்திரியும் பனையும் நிறைய அடைத்திருக்கும். ஆனாலும் அங்கிருந்து தெற்கே பார்த்தால் கடலோரக் கிராமங்களைத் தாண்டியதும் இந்தியப் பெருங்கடல்தான். அண்டார்டிகா வரை பெரிய நிலப்பரப்பு எதுவும் இல்லை. மீன்பிடிப் படகுகளின் விளக்கு சில இரவுகளில் உறுத்தும். தென்மேற்கே கூடங்குளத்தின் ஒளி தெரியும். வளைவின் மேற்கு முனை அந்த ஒளியில் கொஞ்சம் கரையும். தெற்கும் தென்கிழக்கும் தப்பித்துவிடும்.

பள்ளத்தாக்கு மாதிரியே வேண்டும் என்று ஆசைப்பட்டால் தேரியின் ஓரங்களைப் பகலில் நடந்து பாருங்கள். மேலே உதிரி மணல், அடியில் இறுகிய செம்மண். மழைநீர் வடிந்த இடங்களில் அந்த இறுகிய மண் செங்குத்தாக அறுபட்டு ஓடைகளாகக் கிடக்கும். ஆளுயரக் கரைகூடப் போதும். கேமராவைத் தரையோடு தரையாக ஓடைக்குள் வைத்து 14 மி.மீ. லென்ஸால் பார்த்தால் அந்தக் கரை வானத்தின் பாதியை அடைத்து நிற்கும். உடைமரம் கிடைத்தால் விடாதீர்கள். குடை விரித்த மாதிரி தட்டையான அதன் தலை தாழ்வான பால்வீதிக்கு இணையாக அமைகிறது.

மணலில் படமெடுக்கும்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது கால்தடம். நீங்கள் எந்தப் பக்கத்தைப் படமெடுக்கப் போகிறீர்களோ அந்தப் பக்கம் காலே வைக்கக் கூடாது. காற்று விட்டுப்போன வரிகள் மேட்டின் மேல் அலையலையாகக் கிடக்கும். தேரிப்படத்தின் முன்புறத்துக்கு அதைவிட அழகு வேறில்லை. ஒரு முறை மிதித்தால் அன்றைய இரவுக்கு அது போயிற்று. அதனால் மாலையிலேயே வந்து வடக்குப் பக்கமாக மேட்டில் ஏறி, இடத்தை முடிவு செய்து, அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். முக்காலியின் கால்களை மணலில் வெறுமனே ஊன்றினால் இருபது வினாடி எக்ஸ்போஷருக்குள் மயிரிழை அளவு இறங்கும். நட்சத்திரமெல்லாம் ஒரே திசையில் கோடாக நீளும். கால் ஒவ்வொன்றின் கீழும் பனைமட்டைத் துண்டையோ ஓட்டுத் துண்டையோ வைத்து அழுத்துங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். பையை அதில் தொங்கவிடும்போது பையின் அடி மணலைத் தொட்டிருக்கட்டும், காற்றில் ஆடக் கூடாது.

அடுத்து மணலின் நிறம். தேரி மணல் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் மணல் துகளின் மேல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடு. அமாவாசை இருட்டில் அந்தச் சிவப்பு முழுக்கக் கறுப்பாகிவிடும். நீலச்சாயல் கொண்ட வெள்ளை டார்ச்சை அடித்தால் சாணிநிறம் வருகிறது. சிவப்பை மீட்க நல்ல வழி நிலவுதான். நிலவொளி சூரிய ஒளியின் எதிரொளிதானே. நீண்ட எக்ஸ்போஷரில் தேரி பகலில் இருக்கும் அதே சிவப்போடு வரும். அமாவாசை கழிந்து சதுர்த்தி, பஞ்சமி வாக்கில் நிலவு இரவு பத்து மணி வாக்கில் மறைகிறது. எட்டு மணிக்கு, மேற்கிலிருந்து சாய்வாக விழும் அந்த நிலவொளியில் மணல் வரிகளின் நிழலோடு முன்புறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு முக்காலியை அசைக்காமல் காத்திருந்து நள்ளிரவில் வானத்தை எடுங்கள். இரண்டையும் பிறகு கணினியில் சேர்க்கலாம். ஒரே இடத்தில், ஒரே இரவில், ஒரே கோணத்தில் எடுத்தவை என்பதால் இதை நான் நேர்மையான படமாகவே கருதுகிறேன். வேறோர் ஊரில் எடுத்த வானத்தைத் தேரியின் மேல் ஒட்டுவதை அப்படிக் கருத முடியாது. மேலே சொன்ன கணக்கெல்லாம் தெரிந்தவர் கண்ணில் அது உடனே பட்டுவிடும். 36 டிகிரி வானத்தின் சாய்வு வேறு, நம் வானத்தின் சாய்வு வேறு.

எக்ஸ்போஷருக்கு வருகிறேன். 500ஐ லென்ஸின் நீளத்தால் வகுத்தால் நட்சத்திரம் கோடாகாமல் எடுக்கக்கூடிய வினாடிகள் கிடைக்கும் என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. இன்றைய கேமராக்களின் கூர்மைக்கு 300 என்று வைத்துக்கொள்வது நல்லது. உங்களுடையது முழு அளவைவிடச் சிறிய கிராப் சென்சார் என்பதால் 14 மி.மீ. என்பது 21 மி.மீ.க்குச் சமமாகிறது, 300ஐ 21ஆல் வகுத்தால் 14 வினாடி. ஆனால் திரிசங்கு வான நடுக்கோட்டிலிருந்து 60 டிகிரி தள்ளி இருக்கிறது. அங்கே நட்சத்திரங்கள் நகரும் வேகம் பாதிதான். நேர் தெற்கே பார்க்கும் படங்களுக்கு 25 வினாடி வரை தாராளமாகப் போகலாம். தாழ்வானத்தின் மங்கலை ஈடுகட்ட இந்தக் கூடுதல் நேரம் பெரிய உதவி. ஐஎஸ்ஓ 3200, எஃப் 2.8, ரா ஃபைல், வெள்ளைச் சமநிலை 4000 கெல்வின் வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நெடும் எக்ஸ்போஷர் இரைச்சல் நீக்கத்தை (இரைச்சல் என்பது படத்தில் விழும் புள்ளிப்புள்ளியான கரகரப்பு) அணைத்துவிடுங்கள், அது ஒவ்வொரு படத்துக்கும் அதே அளவு நேரத்தை மறுபடி விழுங்கும்.

ஃபோகஸை லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, பிரகாசமான ஒரு நட்சத்திரம் மிகச் சிறிய புள்ளியாகும்வரை கையால் திருப்பி, வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். பிப்ரவரி முன்னிரவில் இதற்கு அகத்தியரே போதும். பங்குனி நள்ளிரவில் ஆல்பா சென்டாரி. மணல் பகலில் எவ்வளவு சுட்டதோ அவ்வளவு வேகமாகக் குளிரும், லென்ஸும் அதோடு குளிரும். ஆகவே நள்ளிரவுக்குப் பிறகு ஃபோகஸை மறுபடி சரிபார்க்க வேண்டும். பனி விழும் மாதங்களில் லென்ஸின் முன்கண்ணாடி வேர்த்துவிடும். யுஎஸ்பியில் ஓடும் லென்ஸ் சூடேற்றிப் பட்டை ஒன்று வாங்குங்கள். டிராக்கருக்கு வைத்திருந்த பணத்தில் அது மிகச் சிறிய பங்கு.

டிராக்கர் ஏன் வேண்டாம் என்கிறேன்? அதைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக நிறுத்த வேண்டும். கிராண்ட் கேன்யனில் துருவ நட்சத்திரம் 36 டிகிரி உயரத்தில் தெளிவாக நிற்கும். நமக்கு எட்டரை டிகிரிதான். ஒரு முஷ்டிகூட இல்லை. பெரும்பாலான இரவுகளில் அது வடக்கு அடிவானத்துப் புகைமூட்டத்தில் மங்கிவிடும், இல்லையென்றால் பனைமரத்துக்குப் பின்னால் இருக்கும். கருவியையும் ஏறக்குறைய படுக்கைவாட்டில் சாய்க்க வேண்டும். எதிரெடை முக்காலிக் காலில் இடிக்கும். அதற்குப் பதிலாக ஒரே சட்டத்தைப் பதினைந்து, இருபது முறை தொடர்ந்து எடுத்து, விண்டோஸ் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் சீக்வேட்டர் மென்பொருளில் அடுக்குங்கள். அது வானத்தை நட்சத்திரங்களுக்கேற்ப நகர்த்திச் சேர்க்கும், தரையை அசையாமல் வைக்கும். இரைச்சல் குறைந்து பால்வீதியின் தூசிக் கோடுகள் எழும்பி வரும். முழு வளைவும் வேண்டுமென்றால் கேமராவைச் செங்குத்தாக நிறுத்தி, முக்காலித் தலையை மட்டம் பார்த்து, தென்கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒவ்வொரு படமும் மூன்றில் ஒரு பங்கு மேற்படியும்படி எடுத்துக்கொண்டே போங்கள். உதிக்கும் முனையிலிருந்து தொடங்குவது முக்கியம், அதுதான் வேகமாக இடம் மாறுகிறது.

நட்சத்திரச் சுழல் படம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. இங்கே வடக்கே பார்த்து எடுத்தால் முழு வட்டம் வராது. அடிவானத்தில் பாதி புதைந்த வளையங்கள் வரும். கிழக்கே பார்த்தால் நட்சத்திரக் கோடுகள் ஏறக்குறைய நேர்குத்தாக எழும். வரிசையாக நிற்கும் பனைகளுக்குப் பின்னால் அந்தக் கோடுகளை ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

தேரியில் பெரும்பகுதி வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருப்பது. இரவில் தங்குவதற்கு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கேட்காமல் போய் இருட்டில் விளக்கடித்துக்கொண்டு நிற்பவரை ஊர்க்காரர்கள் சந்தேகப்படுவது நியாயம்தான். பக்கத்துக் கிராமத்தில் இரண்டு பேரிடமாவது சொல்லி வையுங்கள். மணல்காட்டில் சுருட்டை விரியன் உண்டு. கணுக்காலுக்கு மேல் வரும் ஷூ இல்லாமல் நடக்காதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம், கூடங்குளத்தில் அணுமின் நிலையம் இருக்கின்றன. அந்தப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம், டிரோனைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

விடுமுறையை மாற்றவே முடியாது, ஜூன்தான் என்றால் மணல்மேட்டை மறந்துவிட்டுப் பனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 52 டிகிரிக்கு ஏறிவிட்ட மையத்துக்கு ஈடாக நிமிர்ந்து நிற்க நம் ஊரில் அதைவிட்டால் வேறு எது இருக்கிறது? மரத்தின் உயரம் எவ்வளவோ அதே அளவு தூரம் தள்ளி, மரத்துக்கு வடக்கே நின்றால் அதன் கொண்டை 45 டிகிரியில் தெரியும். இன்னும் சில அடி முன்னால் நகர்ந்தால் மையம் கொண்டையின் மேல் வந்து உட்காரும். கேமராவைச் செங்குத்தாக வைத்து, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், மேல்நோக்கிச் சாய்த்து எடுங்கள். ஓலை காற்றில் ஆடும்; நீண்ட எக்ஸ்போஷரில் கலங்கும். வானத்துக்குத் தனியாகவும், ஓலைக்கு ஐஎஸ்ஓவை 12,800க்கு உயர்த்தி நான்கு வினாடியில் தனியாகவும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். மேகம் விலகும் இடைவெளி அந்த மாதத்தில் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். ஆகவே இடம், ஃபோகஸ், சட்டம் எல்லாவற்றையும் முன்பே முடித்துவைத்துவிட்டு, தானாகவே அடுத்தடுத்துப் படமெடுக்கும் இன்டர்வெல் டைமரைத் தொடர்ந்து ஓடவிடுங்கள். கூடுதலாக ஒரு பேட்டரி கையில் இருக்கட்டும்.